சேற்றில் கிடைத்த பாசறை

வாவியில் வலை கட்டுவதற்காக நட்ட கம்பைப் பல வருடங்களின் பின் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். நீருக்கு மேலே நின்ற பகுதி உக்கிப் போயிருக்கும். விரல் வைத்தால் உதிரும். சேற்றுக்குள் புதைந்திருந்த அடிப்பகுதியோ பட்டையும் கழராமல் இருக்கும். தன்னாமுனைக் கரையில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. காற்றுப் புகாத சேற்றில் மரத்தை உக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு வேலையில்லை, அவ்வளவுதான்.

இதே சேற்றின் குணம்தான் உரோமப் பேரரசின் வட எல்லையில் ஓர் ஏட்டுக் குவியலையே காப்பாற்றிக் கொடுத்தது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

பிரித்தானியாவின் வடக்கே, கடலுக்குக் கடல் 117 கிலோமீற்றர் நீளத்தில், ஏட்ரியன் பேரரசன் கி.பி. 122 அளவில் ஒரு மதிலைக் கட்டத் தொடங்கினான். அதற்குச் சற்றுத் தெற்கே விண்டோலாண்டா என்ற பாசறை இருந்தது. மதிலிலும் மூத்தது அது; ஏறத்தாழ கி.பி. 85இல் மரத்தால் அமைத்தார்கள். ஒரு படை போய் இன்னொரு படை வரும்போது பழைய கட்டடத்தை இடித்து, அதன்மேல் களிமண்ணும் புற்கரணையும் பரப்பிப் புதிதாகக் கட்டினார்கள். கீழே கிடந்த குப்பை காற்றுப்படாமல் மூடுண்டு போயிற்று.

1973இல் அங்கே நீர் வடிகாலுக்காகக் குழி வெட்டியபோது, றொபின் பேர்லி என்ற அகழ்வாய்வாளர் இழைப்புளிச் சீவல் போன்ற மெல்லிய மரத்தகடுகளைக் கண்டார். ஒட்டியிருந்த இரண்டைப் பிரித்தபோது உள்ளே மை எழுத்து! வெளிச்சம் பட்டதும் அந்த எழுத்து மங்கத் தொடங்கிவிட்டது. பின்பு அகச்சிவப்பு ஒளியில் படம் பிடித்துத்தான் வாசிக்க முடிந்தது. அலன் போமன், டேவிட் தோமஸ் என்னும் அறிஞர் இருவர் அந்த எழுத்தோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டினர். இன்று கைவசமுள்ள ஏடுகள் 1,700க்கு மேல்.

எழுதியிருப்பது என்ன? ஒருவருக்குக் காலுறையும், இரண்டு சோடி செருப்பும், இரண்டு உள்ளாடையும் அனுப்பியதாக ஒரு கடிதம். மஸ்குலுஸ் என்ற சிறு அதிகாரி நாளைக்கு என்ன செய்யவேண்டும் என்று மேலிடத்தைக் கேட்டுவிட்டு, 'பையன்களிடம் பியர் தீர்ந்துவிட்டது, அனுப்பிவையுங்கள்' என்ற கருத்தில் முடிக்கிறார். இன்னொன்று படைக்கணக்கு. துங்கிரியர் முதற் படையின் மொத்தத் தொகை 752. அதில் 456 பேர் வேறிடங்களில். இருக்கும் 296 பேரில் 15 பேர் நோயாளர், 6 பேர் காயப்பட்டோர், 10 பேருக்குக் கண்நோய். மன்னனின் வெற்றியைக் கல்லில் வெட்டுவார்கள். கண்நோயைக் கல்லில் வெட்டுவார் யாருமில்லை. அதனால்தான் இந்தச் சேறு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பெண்ணொருத்தியும் எழுதியிருக்கிறாள். குளோடியா செவேரா என்பவள், பாசறைத் தலைவன் செரியாலிசின் மனைவி லெப்பிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு, செப்டெம்பர் 11க்கு, வரும்படி அழைக்கிறாள். கடிதத்தை எழுத்தர் எழுத, இறுதியில் தன் கையாலேயே கோணல் எழுத்தில், தங்கையே, உயிரே என்று இரண்டு வரி சேர்க்கிறாள். பெண் கைப்பட எழுதி எஞ்சியிருக்கும் இலத்தீனில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று.

செரியாலிசின் படை உரோமர் படை என்பது பெயருக்குத்தான். அவர்கள் பத்தாவியர், றைன் ஆற்றின் முகத்துவாரத்து மக்கள். அந்த நிலந்தான் பின்னாளில் ஒல்லாந்து ஆயிற்று. ஒல்லாந்தர் பத்தாவியரைத் தம் முன்னோராகக் கொண்டாடி, யாவாவில் தாங்கள் பிடித்த நகருக்குப் பத்தாவியா என்று பெயரிட்டனர். இன்றைய ஜகார்த்தா அது. இலங்கையிலிருந்த ஒல்லாந்த ஆட்சியும் அந்தப் பத்தாவியாவுக்கே பதில் சொல்லிற்று. நம் புளியந்தீவுக் கோட்டை 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தர், இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு 1638 மே 18இல் அதைக் கைப்பற்றினர். இலங்கையில் அவர்கள் பிடித்த முதற் கோட்டை அதுவே. துங்கிரியரின் படைக்கணக்கு எழுதப்பட்ட நாளும் ஒரு மே 18. தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அந்தத் திகதியைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

விண்டோலாண்டாக் கணக்கு ஒன்றில் கம்பாக்ஸ் என்ற படைவீரன் பெயரில் மிளகு எழுதப்பட்டிருக்கிறது. விலை இரண்டு வெள்ளித் தினாரி. அக்காலத்தில் மிளகுக்கு விளைநிலம் சேரநாட்டு மலைப்பக்கம். முசிறியில் பொன்னைக் கொடுத்து மிளகு ஏற்றிச் சென்ற யவனர் மரக்கலத்தை அகநானூறு காட்டுகிறது. அந்த மிளகில் ஒரு பிடி, பனிக் காற்றடிக்கும் எல்லைப்புறத்தில் ஓர் ஏழைச் சிப்பாயின் கஞ்சிவரை போயிருக்கிறது.

மிளகு அங்கே போக, யவனர் இங்கே வந்தனர். அவர்கள் வாணிகரோடு நிற்கவில்லை. நம் பாசறைக்குள்ளும் காவலராக நிற்கின்றனர். பத்துப்பாட்டில் மிகச் சிறியதான முல்லைப்பாட்டைப் படித்தோர் இதை அறிவர். நூற்றுமூன்று அடிகள். பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகர் ஒருவரின் மகன் நப்பூதனார். காட்டை வெட்டி, முள்வேலி இட்டு, தெருத்தெருவாகக் கூடாரம் அமைத்த பாசறை அதில் இருக்கிறது. கரும்பை உண்ணாத யானையிடம் பாகர் வடமொழியில் பேசுகின்றனர். கச்சில் வாள் கட்டிய பெண்கள் விளக்கேற்றுகின்றனர். நாழிகைக் கணக்கர் நேரம் சொல்கின்றனர். சட்டையணிந்த யவனர், பார்த்தாலே அச்சம் தரும் தோற்றத்தோடு, அரசனின் கூடாரத்தைக் காக்கின்றனர். உள்ளே மொழி தெரியாத மிலேச்சர் கைச்சாடையால் பேசுகின்றனர். அரசனுக்கோ தூக்கமில்லை, புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரரையும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இந்தப் புலவரின் கண் கூர்மையானது. விண்டோலாண்டா ஏட்டைப்போலவே அவரும் பாசறையைச் சிறு சிறு வேலைகளால் காட்டுகிறார். ஆனால் அந்த யவனனுக்குப் பெயரில்லை. காலுறை வேண்டுமென்று அவன் யாருக்கு எழுதினான் என்பதும் இல்லை. அவன் ஓலை எழுதியிருந்தாலும் நம் வெயிலும் கறையானும் மழையும் அதை விட்டுவைத்திருக்கமாட்டா.

பாசறை என்ற சொல் நமக்குப் புத்தகச் சொல்லாகிவிட்டது. முகாம் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் விளங்கும். 1990களில் ஏறாவூருக்கும் நகருக்குமிடையே சைக்கிளில் போனவர்கள், சோதனைச் சாவடியில் இறங்கி உருட்டிக்கொண்டு நடந்ததை மறக்கவில்லை. முகாமை நாங்கள் வெளியே நின்றே பார்த்தோம். ஆகவே விண்டோலாண்டா ஏடுகளைப் பற்றிப் படிக்கும்போது, வேலிக்கு வெளியே நின்றவனைத்தான் என் கண் தேடுகிறது.

அந்த நாட்டு மக்களைப் பற்றி ஒரு குறிப்பு கிடைத்திருக்கிறது. 'பிரித்தானியப் பொடியன்கள்' என்று சொல்லத்தக்க ஏளனச் சொல் அதில் வருகிறது. கவசமில்லை, குதிரை நிறைய உண்டு, வாள் பயன்படுத்துவதில்லை என்று அவர்கள் சண்டையிடும் முறையைச் சொல்கிறது. அது உள்ளேயிருந்தவன் எழுத்து. அந்தப் 'பொடியன்கள்' தம் பங்குக்கு எழுதிய ஏடு ஒன்றுமில்லை.

படையைச் சேராத ஒருவனின் குரல் மட்டும் ஓர் ஏட்டில் கேட்கிறது. அவன் கடல் கடந்து வந்தவன், வாணிகனாக இருக்கலாம். குற்றமொன்றும் செய்யாத தன்னைப் பிரம்பால் இரத்தம் வர அடித்தார்கள் என்று முறையிடுகிறான். படைத்தலைவரிடம் சொல்லப் போனான். அவர் நோயாய்க் கிடந்தார். மற்ற அதிகாரிகளிடம் போனான், பலனில்லை. ஆகவே மாட்சிமை பொருந்திய ஒருவரின் இரக்கத்தை வேண்டுகிறான். ஏட்ரியன் பேரரசனுக்கே எழுதினான் என்று கருதுவோரும் உளர். அந்த மனு புதிய தகட்டில் எழுதப்படவில்லை. யார் யாருக்கு எவ்வளவு கோதுமை அளந்து கொடுத்தது என்ற கணக்கின் பின்புறத்தில், அதே கையெழுத்தில் இருக்கிறது.