வீடு என்னும் வார்டு

1956இல் சென்னைக் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் ஓர் ஆய்வைத் தொடங்கியது. நோயாளிகளில் ஒரு பாதியினருக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. மறுபாதியினருக்கு நெரிசலான தம் வீடுகளிலேயே. இரு தரப்புக்கும் அதே மருந்துகள், ஓராண்டுக்கு. சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. ஆனாலும் வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். உடன் வசித்தவர்களை ஐந்தாண்டுகள் மார்பு எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்தார்கள்; வீட்டுச் சிகிச்சையால் அவர்களிடையே நோய் கூடவில்லை. 'வீடே போதும்' என்று உலகம் ஏற்றது.

அந்த வீட்டில் கஞ்சி வைத்தவள், கோழையைத் துடைத்தவள், மருந்து வேளையை நினைவில் வைத்தவள் யார்? நோயாளியே பெண்ணானால் அடுப்பைப் பார்த்தது யார்? வீட்டுச் சிகிச்சை செலவு குறைந்தது என்றே படிக்கிறோம். பெண்களின் கூலியில்லா உழைப்பையும் சேர்த்து அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும்.