தரை தட்டிய பொழுது

கடலோடிகளுக்குப் புயலைவிடக் கரையே பெரிதும் அச்சம் தருவது. ஆழ்கடலில் அலைகளுக்கு ஈடுகொடுக்கும் கலம், ஆழமற்ற இடத்தில் மணலிலோ பாறையிலோ சிக்கிச் செயலற்றுப் போகிறது. புனித பவுல் கைதியாகப் பயணம் செய்த கப்பலும் மால்தாத் தீவருகே இவ்வாறே தரை தட்டி உடைந்தது. அதிலிருந்த 276 பேரும் உயிர் பிழைத்தனர் எனத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது.

ஜோசுவா ஸ்லோக்கம் என்னும் மாலுமி இவ்விடரை ஒருமுறைக்கு மேல் கண்டவர். 1844இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த அவர், 1887இல் பிரேசில் கரையோர மணல்திட்டில் தம் வாணிகக் கப்பலை இழந்தார். மனம் தளராது, பாழடைந்து கிடந்த சிறிய பாய்க்கலம் ஒன்றைத் தம் கைகளாலேயே புதுப்பித்து, 'ஸ்பிரே' எனப்பட்ட அக்கலத்தில் உலகைத் தனியே சுற்றிவர 1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். அதன் நீளம் 37 அடிக்கும் குறைவே. ஏற்றிச் செல்லச் சரக்குமில்லை. ஏவி அனுப்ப முதலாளியுமில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 11 அதிகாலையில், உருகுவே நாட்டுக் கரையோரம், நிலவொளியில் மணற்குன்றுகளின் பொய்த்தோற்றம் அவரை ஏமாற்றியது. கலம் மணலில் ஏறி நின்றது. அதனை மீட்க ஆழத்தில் நங்கூரமிட்டு, அதன் கயிற்றைப் பற்றி இழுக்க வேண்டும். கனத்த நங்கூரத்தைச் சிறு படகில் ஏற்றிச் சென்றார். படகில் நீர் புகுந்தது. நங்கூரத்தை அவர் கடலில் தள்ளியபோதே படகும் கவிழ்ந்தது. அவருக்கோ நீச்சல் தெரியாது! மும்முறை படகை நிமிர்த்த முயன்று மும்முறையும் மூழ்கினார். உறங்குமுன் சிறுவர் சொல்லும் செபம் அவர் நாவில் எழுந்தது. எனினும் நான்காம் முறை முயன்றார், படகு நிமிர்ந்தது. பின்னர் கலமும் மீண்டது. ஏறத்தாழ 46,000 மைல் கடந்து, 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட் துறைமுகத்தை அடைந்தார்.

தேர்ந்த மாலுமியாயிருந்தும், தோற்றத்தை நம்பிய தம் பிழையை 1900இல் வெளியான தம் நூலில் அவர் மறைக்கவில்லை. நாமும் தரை தட்டுவது பெரும்பாலும் புயலில் அன்று. அமைதியான இரவில், பழகிய கரையருகே, தன்னம்பிக்கை மிகுந்த வேளையில்தான். அப்பொழுது நங்கூரத்தை நம் காலடியில் போட்டுப் பயனில்லை. நமக்கப்பால், ஆழத்தில் ஊன்ற வேண்டும். பிழையை ஒப்புக்கொள்வதும் செபிப்பதும் அத்தகைய ஊன்றுதலன்றோ? கயிறு நம் கையில் இருக்கிறது. நீரை உயர்த்துபவரோ இறைவன்.