சுமை அறிந்தவர்: நா. கோவிந்தசாமியும் கணியனும்

நாமக்கல்லில் புதிதாக லாரி எடுப்பவர் முழு வண்டியாக வாங்கி வருவதில்லை என்பது பழைய வழக்கம். எஞ்சினும் சக்கரமும் பொருந்திய சேஸிஸை வாங்கிக் கொண்டுவந்து, பாடி கட்டும் பட்டறையில் விடுவார். அவருக்கு வெல்டிங் தெரியாது, தச்சும் தெரியாது. ஆனால் ஏற்றப்போவது முட்டையா, சிமெண்டு மூட்டையா, இரும்புக் கம்பியா என்பது அவருக்குத்தான் தெரியும். பக்கப் பலகையின் உயரமும் தளத்தின் கனமும் அந்த அறிவைக் கொண்டே முடிவாகின்றன. என்ன ஏற்றப்போகிறேன் என்று சொல்லத் தெரியாதவருக்கு, எத்தனை கைதேர்ந்த பட்டறையும் நல்ல வண்டி கட்டித்தர இயலாது.

நிரல் எழுதத் தெரியாத ஒருவர் தமது முதல் மென்பொருளை எப்படி உருவாக்குவது என்பது, இன்று சேலத்திலும் நாமக்கல்லிலும் தொழில் தொடங்க எண்ணும் இளைஞர்கள் கேட்கும் கேள்வி. அதற்கு லாரிப் பட்டறை ஒரு விடை தருகிறது. இன்னொரு விடை, நாம் எதிர்பாராத இடத்தில், தமிழ் இலக்கிய வரலாற்றிலேயே இருக்கிறது. அது சிங்கப்பூரில் வாழ்ந்த ஒரு சிறுகதை எழுத்தாளரின் கதை.

நா. கோவிந்தசாமி சிறுகதைகளும் நாவலும் எழுதியவர். சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராகப் பணியாற்றியவர். கணினிப் பொறியாளர் அல்லர். ஆயினும் 1990களில் தமிழ்க் கணிமையில் முன்னின்ற பெயர்களுள் அவருடையதும் ஒன்று. அவருடைய மென்பொருள் ‘கணியன்’ எனப்பட்டது. சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரை நினைவூட்டும் பெயர்.

அவர் கொண்டுவந்த சுமை எது என்பதை அறியத் தட்டச்சுப் பொறியை நினைவுகூர வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூருக்குச் சென்ற இரா. முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறி ஒரு பெருஞ்சாதனை. எனினும் அது எழுத்தின் வடிவத்தைத் தாளில் பதிக்கும் இயந்திரம். ‘கொ’ என்று எழுத ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளை வரிசையாக அடிக்க வேண்டும். தமிழைக் கணினியில் ஏற்ற முனைந்தோர் பலர் அந்தத் துண்டுகளையே விசைகளில் பொருத்தினர்.

தமிழாசிரியர் காணும் தமிழ் வேறு. 247 எழுத்துகள் இருப்பினும், அவற்றைப் பிறப்பிப்பவை பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் என்பது தொல்காப்பியம் தொட்டு வரும் இலக்கணம். ஆய்தத்தையும் சேர்த்தால் 31 விசைகள் போதும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆவதைக் கணினியே பார்த்துக்கொள்ளும். இது ஒரு நிரலருக்குத் தாமாகத் தோன்றாமல் போகலாம். ஆண்டுதோறும் கரும்பலகையில் இதையே கற்பிக்கும் ஒருவர் மறக்க முடியாதது. தொழில்நுட்பம் அறியாதவர் பட்டறைக்குக் கொண்டுசெல்லும் செல்வம் இதுதான்.

சுமையை அறிந்தவருக்குப் பட்டறையும் வேண்டும். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் இணைய ஆய்வுப் பிரிவை நடத்திவந்த டான் டின் வீயும், அவருடன் பணியாற்றிய லியோங் கொக் யோங்கும் துணைநின்றனர். டான் டின் வீயே உயிர்வேதியியல் துறையிலிருந்து வந்தவர் என்பது சுவையான செய்தி. அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட வேலை சிறியது: சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பொன்றை நாட்டின் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றுவது. ஆங்கிலமும் மலாயும் ரோமன் எழுத்துடையவை. சீனத்துக்கு முன்பே குறியாக்கங்கள் இருந்தன. தமிழுக்குத்தான் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. 1995 அக்டோபரில் அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் அந்தத் தளத்தைத் தொடங்கிவைத்தார். தமிழ் இணையத்தில் ஏறிய தொடக்க நிகழ்வுகளுள் ஒன்று கவிதைக்காக நிகழ்ந்தது என்பதில் நாம் மகிழலாம்.

ஆயினும் ஒரு தளம் திறப்பதோடு வேலை முடியவில்லை. அந்நாளில் ஒருவர் அனுப்பிய தமிழ் மடலை, அதே எழுத்துரு இல்லாத மற்றவர் படிக்க இயலாது. ஆளுக்கொரு குறியாக்கம், ஆளுக்கொரு விசைப்பலகை. தம் மென்பொருள் மட்டும் செழித்தால் போதும் என்று அவர் இருந்திருக்கலாம். மாறாக, 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 என்ற கருத்தரங்கைக் கூட்டி, பல நாடுகளில் தனித்தனியே உழைத்தவர்களை ஒரே அவையில் அமர்த்தினார். அதன் தொடர்ச்சியாக, 1999 பிப்ரவரியில் பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் முன்னின்று நடத்திய தமிழ்நெட் 99 மாநாடு சென்னையில் கூடியது. தமிழ்99 விசைப்பலகை அங்கே வடிவு பெற்றது; தமிழக அரசும் அதனை ஏற்றது. கோவிந்தசாமி முன்வைத்த அமைப்பு அதற்கு அடிப்படையாக இருந்ததைத் தமிழ்க் கணிமையின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அவ்வாண்டு மே 26 அன்று அவர் மறைந்தார்.

அதன்பின் நிகழ்ந்தது சிந்திக்கத்தக்கது. ஒருங்குறி பரவியபோது, அக்காலத்து எழுத்துருக் குறியாக்கங்கள் ஒவ்வொன்றாக வழக்கொழிந்தன. தமிழ்நெட் 99இல் ஏற்கப்பட்டவையும் தப்பவில்லை. அன்று உழைத்து எழுதப்பட்ட நிரல்கள் இன்று பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. விசைப்பலகையின் தர்க்கம் மட்டும் நிலைத்தது. அது நிரலில் இல்லை, மொழியில் இருந்தது என்பதே காரணம் எனத் தோன்றுகிறது.

தொழில்நுட்பம் அறியாதவர் தம்மைக் குறைந்தவராக எண்ணி, முதலில் கணினி மொழிகளைக் கற்க ஓடுகிறார். அல்லது பணத்தைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் நிரலரிடமே விட்டுவிடுகிறார். கோவிந்தசாமியின் வாழ்வு மூன்றாவது வழியொன்றைக் காட்டுகிறது. தாம் அறிந்ததை ஐயத்துக்கு இடமின்றி எடுத்துரைப்பது, சிறியதொன்றை முதலில் முடிப்பது, முடித்ததைப் பொதுவில் வைத்து விவாதத்துக்கு உட்படுத்துவது. கடைசியது கடினம்; ஏனெனில் பொதுவில் வைத்தது நம் பெயரை விட்டுப் போய்விடக்கூடும்.

அப்படித்தான் போயிற்று. சேலத்தில் ஒரு மாணவி தமிழ்99இல் அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால், புள்ளியைத் தேடாமலேயே ‘அம்மா’ என்று திரையில் தோன்றும். அந்தப் புள்ளி தானாக வந்து அமர்வதற்குப் பின்னால் ஒரு தமிழாசிரியர் இருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது. பாடி கட்டிய பட்டறையின் பெயராவது லாரியின் மேல் எழுதியிருக்கும்.