பூ முடிஞ்ச சாமந்திச் செடியைத் தூக்கிப் போடாதீங்க... ஒரு தொட்டியிலிருந்து 10 செடி எடுப்பது எப்படி?

ஆயுத பூஜை சமயத்தில் வாங்கிய சாமந்தித் தொட்டி, தை பிறப்பதற்குள் காய்ந்த பூவோடு மொட்டை மாடி மூலைக்குப் போய்விடும். "செடி செத்துப் போச்சு" என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் பெரும்பாலும் அது சாகவில்லை. மேலே காய்ந்திருந்தாலும் அடியில் புதுத் துளிர் கிளம்பிக்கொண்டிருக்கும். அடுத்த வருஷத்துப் பூ அந்தத் துளிரில்தான் இருக்கிறது.

தர்மபுரி மாவட்டத்துக்கு இது புது விஷயமில்லை. தொப்பூர், பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் சாமந்தி போடும் விவசாயிகள் விதையை நம்புவதில்லை. பழைய செடியின் பக்கக் கன்றையோ நுனிக் குச்சியையோ எடுத்துத்தான் நடுகிறார்கள். இதே வேலையை வீட்டில் நாலு பிளாஸ்டிக் கப்பில் செய்யலாம்.

விதை ஏன் வேண்டாம்?

சாமந்தி விதை முளைத்தாலும் தாய்ச்செடி மாதிரியே பூக்கும் என்று சொல்ல முடியாது. நிறமும் மாறலாம், அடுக்கும் குறையலாம். குச்சியில் வரும் செடியோ தாய்ச்செடியின் அச்சு அசல் நகல். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 என்ற மஞ்சள் ரகமானாலும், பேர் தெரியாமல் நர்சரியில் வாங்கிய வெள்ளைச் சாமந்தியானாலும் இதுதான் கணக்கு.

எந்தக் குச்சியை வெட்டணும்?

இங்கேதான் பலரும் தப்பு செய்கிறார்கள். பூ பூத்த தண்டையே வெட்டி நடுவார்கள். அது வேர் விடாமல் கருகிவிடும். மொட்டு உள்ள குச்சியும் சரிப்படாது, அதன் சத்தெல்லாம் பூவுக்கே போய்விடும்.

பூ முடிந்ததும் செடியை மண்ணிலிருந்து அரை அடி உயரத்துக்கு வெட்டிவிட்டு, தொடர்ந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். மாசி, பங்குனி வாக்கில் அடியிலிருந்து புதுத் தளிர்கள் நிற்கும். லேசாக வளைத்தால் 'டக்'கென்று ஒடிகிற பருவம்தான் சரி. வளைந்தும் ஒடியாமல் நார் நாராக நின்றால் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

காலை நேரத்தில், நுனியிலிருந்து 5 முதல் 7 சென்டிமீட்டர் நீளம், கணுவுக்குக் கொஞ்சம் கீழே வெட்டணும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு மேலே மூணு, நாலு இலை மட்டும் விட்டால் போதும். ஐ.பி.ஏ. கலந்த வேர் ஊக்கிப் பவுடர் இருந்தால் அடியில் தொட்டுக்கொள்ளலாம். கற்றாழை ஜெல் தடவச் சொல்லும் வீடியோக்களுக்குக் குறைவில்லை. சாமந்தி அது இல்லாமலே வேர் விடும் செடி.

மணலும் தண்ணீரும்

அடியில் ஓட்டை போட்ட கப்பில் கழுவிய மணலும் தேங்காய் நார்க்கழிவும் பாதிப் பாதி. எரு இப்போது வேண்டாம். வெட்டிய தண்டு அழுகிவிடும். இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் குச்சியைச் செருகி, சுற்றி அழுத்திவிட்டு, வெயில் நேராகப் படாத வெளிச்சமான இடத்தில் வைக்க வேண்டும். பங்குனி வெயிலில் பாலிதீன் கவர் போட்டு மூடினால் உள்ளே வெந்துவிடும். தண்ணீரைத் தெளித்து ஈரம் காப்பதே நல்லது.

தர்மபுரியில் இன்னொரு சிக்கல், போர்வெல் தண்ணீர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் இந்த மாவட்டத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. செடிக்குப் பிரச்னை தண்ணீரில் உள்ள உப்பு. உப்புத் தண்ணீர் ஊற்றினால் இலை ஓரம் கருகும், இளம் வேர் கிளம்பாது. குச்சிகளுக்குத் தேவைப்படுவது தினம் ஒரு சொம்பு தண்ணீர்தான், அதைக் குழாய்த் தண்ணீராகவோ பிடித்து வைத்த மழைத் தண்ணீராகவோ ஊற்றலாம்.

இரண்டு, மூணு வாரத்தில் வேர் வரும். லேசாக இழுத்துப் பார்த்தால் பிடிமானம் தெரியும். பிறகு செம்மண், மணல், மக்கிய எரு கலந்த தொட்டிக்கு மாற்றலாம். ஒரு மாசம் கழித்து நுனியைக் கிள்ளிவிடணும். மனசு வராதுதான். ஆனால் கிள்ளாத செடி ஒற்றைக் குச்சியாக நெடுநெடுவென்று வளரும். கிள்ளினால்தான் கிளை விட்டுப் புதராகும்.

பூக்கவே இல்லையா? தெருவிளக்கைப் பாருங்க!

செடி பச்சைப் பசேலென்று இருக்கும், மொட்டு மட்டும் வராது. சாமந்தி, இரவு நீளமானால் மொட்டு கட்டும் செடி. தர்மபுரியில் ஜூன் இரவுக்கும் டிசம்பர் இரவுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். அந்தச் சின்ன வித்தியாசத்தைக்கூட செடி கவனிக்கிறது. பக்கத்தில் ராத்திரி முழுக்க தெருவிளக்கோ மாடி எல்.இ.டி. பல்போ எரிந்தால், இன்னும் இரவு ஆகவில்லை என்றே அது நினைத்துக்கொள்ளும். பூவைத் தள்ளிப்போட வேண்டிய விவசாயிகள் தோட்டத்தில் பல்பு கட்டுவது இதனால்தான். வீட்டில் தொட்டியை இருட்டான பக்கம் நகர்த்தினாலே போதும்.

நோயும் சேர்ந்தே வரும்

குச்சி நகல் என்பதால் தாய்ச்செடியின் நோயையும் கொண்டுவரும். செடியைக் குள்ளமாக்கும் ஸ்டண்ட் வைராய்டு, குச்சி வழியாகவும் வெட்டிய கத்தி வழியாகவும் பரவும். தாய்ச்செடியில் அறிகுறி தெரிய மாசக் கணக்கில் ஆகலாம். வீட்டில் நாலு தொட்டி போனால் பெரிய நஷ்டமில்லை. வயல் முழுக்க நட்டவருக்கு மூணு, நாலு மாசம் கழித்துப் பூ பறிக்கும்போதுதான் உண்மை தெரியும். ஆயுத பூஜை விலையும் அதற்குள் போயிருக்கும். அதனால் குட்டையாக, வெளிறி நிற்கும் செடியில் இலவசமாகக் கொடுத்தாலும் குச்சி எடுக்கக் கூடாது. ஒவ்வொரு செடிக்கும் நடுவில் கத்தியைக் கழுவித் துடைப்பது நல்லது. அதிக அளவில் நடுகிறவர்கள் பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் செடியைக் காட்டிக் கேட்கலாம்.

சால்வியா, கற்பூரவல்லி, துளசிக்கும் இதே முறைதான். அவற்றில் கற்பூரவல்லிக்கு மட்டும் தண்ணீரைப் பாதியாகக் குறைக்கணும். அதன் தண்டு சீக்கிரம் அழுகிவிடும்.