நிறம் வெளுத்த சரக்கு வண்டிகள்: காவிரிப் படுகையில் பிக்கப்பின் வரலாறு

பிக்கப் என்பது முன்புறம் ஓட்டுநர் அறையும் பின்புறம் திறந்த சரக்குத் தட்டும் கொண்ட சிறு சரக்குந்து. பல பத்தாண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்று நிறம் வெளுத்த இத்தகைய வண்டிகளை, புதுப்பூச்சு அடிக்காமல் அப்படியே பேணும் விருப்பம் இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. காவிரிப் படுகையில் இவை நெல்லும் உரமூட்டையும் சுமந்தவை. உழைத்து முடிந்ததும் பெரும்பாலானவை இரும்புக்கடைக்குப் போயின. அவற்றின் வரலாற்றையும், மங்கிய வண்ணம் ஏன் மதிக்கத்தக்கது என்பதையும் திருக்கடையூர் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றமும் பெயரும்

தொடக்க காலத்தில் சிறு சரக்கு வண்டி வேண்டுவோர், மகிழுந்தின் அடிச்சட்டத்தை வாங்கி அதன்மேல் தச்சரைக் கொண்டு பெட்டி கட்டிக்கொண்டனர். அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1925இல் தன் 'மாடல் டி' வண்டியைச் சரக்குத் தட்டுடன் ஆலையிலேயே முழுமையாகச் செய்து, 281 டாலருக்கு விற்றது. 'பிக்கப்' என்ற பெயர் அப்போது அந்த நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றது.

இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. பின்னர் ஜீப்பின் அடிப்படையிலேயே சரக்கு வண்டிகளும் வந்தன. சென்னையில் 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 'ஸ்டாண்டர்டு 20' என்ற வண்டியைச் செய்தது. 1958இல் பஜாஜ் டெம்போ நிறுவனம் ஜெர்மானியக் கூட்டுறவுடன் மூன்று சக்கர 'ஹான்சீட்' வண்டியையும், 1969இல் 'மெட்டடார்' வண்டியையும் கொண்டுவந்தது. அதன்பின் எந்த நிறுவனம் செய்த சிறு சரக்கு வண்டியும் நம் மக்கள் வாயில் 'டெம்போ' ஆகிவிட்டது. 2005இல் டாட்டா ஏஸ் வந்தபோது அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்ததும் நம் மக்கள்தான். மகிழுந்தை முந்தைய தலைமுறையினர் 'பிளசர்' என்றார்கள். இன்பத்துக்கு ஒரு வண்டி, பாரத்துக்கு ஒரு வண்டி என்ற வேறுபாடு பெயரிலேயே இருந்தது.

டெல்டாவில்

ஒருகாலத்தில் இவ்வட்டாரத்துச் சரக்கு மாட்டுவண்டியிலும் இரயிலிலும் போயிற்று. மயிலாடுதுறையிலிருந்து திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடிக்கு 1926இல் போடப்பட்ட மீட்டர் பாதை 1980களில் மூடப்பட்டது. அதற்கு முன்பே சாலை வண்டிகள் வேரூன்றிவிட்டன. 1960இல் தஞ்சை மாவட்டத்தில் தொடங்கிய தீவிர வேளாண் திட்டமும், ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏ.டி.டி. 27 குறுவை நெல்லும் விளைச்சலைக் கூட்டின. உரம், பூச்சிமருந்து, பம்புசெட்டு எல்லாம் வயல்வரை வரவேண்டியிருந்தது. லாரி நுழைய முடியாத வாய்க்கால் கரைகளில் ஜீப்பும் டெம்போவும் நுழைந்தன.

என் பள்ளிப் பருவத்தில் எங்கள் ஊர் அரிசி ஆலையில் ஒரு ஜீப் பிக்கப் ஓடியது. நான் ஆசிரியராகி, பணியின் கடைசி ஆண்டுகளை எட்டியபோதும் அது ஆலையின் பின்புறம் வாகை மரத்தடியில் நின்றது. ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவர்களை அழைத்துப்போய்க் காட்டினேன். கதவில் மேலே பச்சை. அது உரிந்த இடத்தில் மஞ்சள். அதற்கும் அடியில் நீலம். ஓரத்தில் செங்காவி நிறத்து ரெட் ஆக்சைடு பூச்சு. நீலத்தின்மேல் ஆலையின் பெயர் பாதியும் மூன்று இலக்கத் தொலைபேசி எண் ஒன்றும் தெரிந்தன. "மூணு நம்பர்தான் சார் இருக்கு, மீதி அழிஞ்சுபோச்சா?" என்று ஒரு மாணவி கேட்டாள். மீதி கிடையாது, அன்றைக்கு எண்ணே அவ்வளவுதான் என்றதும் வகுப்பு முழுவதும் கதவைச் சுற்றிக் கூடிவிட்டது. பாடநூலில் இரண்டு பக்கம் நடத்தியும் வராத கேள்விகள் அன்று வந்தன. மறு ஆண்டு கோடை விடுமுறை முடிந்து போய்ப் பார்த்தபோது வண்டி இல்லை. எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

இந்த அடுக்குகளுக்குக் காரணம் உண்டு. வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டி குறித்த கால இடைவெளியில் தகுதிச் சான்று பெற வேண்டும். இதைத்தான் 'எஃப்.சி. எடுப்பது' என்கிறோம். அதற்கு முன் டிங்கரிங் பட்டறையில் ஒடுக்கு எடுத்து, பட்டி வைத்து, பூச்சு அடிப்பது வழக்கம். ஆகவே அமெரிக்கப் பண்ணை வண்டிகளில் பெரும்பாலும் காணப்படும் ஒற்றை ஆலைப்பூச்சின் மங்கல் நம்மிடம் அரிது. நம் வண்டியில் ஒவ்வொரு பூச்சும் ஒரு காலத்தைக் குறிக்கும். எனக்கு இதுவே கூடுதல் சுவையாகத் தோன்றுகிறது.

வண்ணம் மங்கும் விதம்

வண்ணப்பூச்சில் நிறத்தூளும் அதைப் பிணைக்கும் பிசினும் உள்ளன. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பிசினைச் சிதைக்கின்றன. நிறத்தூள் பிடிப்பிழந்து மேலே நிற்கிறது. விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு போல ஒட்டும். அதுவும் கரைந்தபின் அடிப்பூச்சு, அதன்பின் தகடு. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். உப்பு அதை விரைவுபடுத்தும். அரிசோனா போன்ற வறண்ட நிலத்தில் வண்ணம் போனாலும் தகடு நெடுங்காலம் நிற்கும். திருக்கடையூரிலிருந்து கடல் சில கிலோமீட்டர்தான். உப்புக்காற்றும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் சேர்ந்து கதவின் அடியையும் தரைத்தகட்டையும் முதலில் தின்றுவிடும்.

சட்டமும் பாதுகாப்பும்

பன்னாட்டுப் பழைய ஊர்திக் கூட்டமைப்பின் டூரின் சாசனம், புதிதுபோல் ஆக்குவதைவிட உள்ளதை உள்ளபடி காப்பதை முதன்மையாகக் கொள்கிறது. இந்தியாவில் 2021 ஜூலையில் மைய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, 50 ஆண்டு கடந்த பழம்பெரும் ஊர்திகளுக்குத் தனிப் பதிவு வந்தது. எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் இருசக்கர வண்டிகளையும் சொந்தப் பயன்பாட்டு நான்கு சக்கர வண்டிகளையும் மனத்தில் கொண்டே இவ்விதி எழுதப்பட்டுள்ளது. அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமும் இருக்கக்கூடாது. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் பூட்டி, தச்சர் கட்டிய தட்டோடு வாடகைக்கு நெல் ஏற்றிய வண்டி இதற்குள் எப்படி வரும்? பிளசர் காருக்குக் கிடைத்த நிழல் டெம்போவுக்கு இல்லை. மனிதருக்கு அறுபது நிறைந்தால் மாலை மாற்றி மணிவிழா நடத்தும் ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

கோயம்புத்தூரின் ஜி.டி. அருங்காட்சியகத்தில் பழைய மகிழுந்துகளைக் காணலாம். அரியானாவின் தாவரு ஊரில் 2013இல் திறக்கப்பட்ட போக்குவரத்து அருங்காட்சியகத்தில் சரக்கு வண்டிகளுக்கும் இடமுண்டு. டெல்டாவின் நெல் வண்டிக்கு அப்படி ஓர் இடம் அமையும்வரை, அதை வைத்திருப்பவர்தான் காப்பாளர்.

செலவு அதிகமில்லை. நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி உலர்த்தி, மெழுகோ ஆளிவிதை எண்ணெயோ மெல்லப் பூசலாம். பட்டறைக்கு அனுப்பியே ஆகவேண்டுமானால், கதவு எழுத்துகளைத் தேய்க்கும் முன் ஒளிப்படம் எடுத்துவைக்கலாம். கதவின் அடிவிளிம்பில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். சேறும் உமியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கித் தகடு அரிக்கும். மழைக்கு முன் ஒரு தென்னை ஈர்க்கால் குத்திவிட்டால் போதும்.