ஒரே பாடநூல் சமத்துவம் ஆகுமா?

ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியர், ஒரே பாடநூல் எனில் மாணவர் அனைவரும் சமமாகவே நடத்தப்படுகின்றனர் என்று நாம் எளிதில் முடிவு செய்துவிடுகிறோம். அம்முடிவு எத்துணைப் பிழையானது என்பதை அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் எழுந்த வழக்கொன்று தெளிவாக்கியது.

அந்நகரின் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீன வம்சாவளி மாணவர் 2,856 பேர் இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 1,000 பேருக்கே ஆங்கிலத்தில் துணைப் பயிற்சி கிடைத்தது. எஞ்சிய ஏறத்தாழ 1,800 பேர் கணக்கையும் அறிவியலையும் வரலாற்றையும் தமக்கு விளங்காத மொழியில் கேட்டபடி அமர்ந்திருந்தனர். 6 வயது முதல் 16 வயது வரை பள்ளிக்கு வந்தே தீரவேண்டும் என்றது கலிபோர்னியச் சட்டம். ஆங்கிலத் தேர்ச்சி இல்லையேல் பள்ளியிறுதிச் சான்றிதழ் இல்லை என்றதும் அதே சட்டமே. வாயிலில் கேட்காத மொழியை வெளியேறும்போது கேட்டது; இடையே அதைக் கற்றுத் தருவதுதான் எவர் பொறுப்பிலும் இல்லை!

1970ஆம் ஆண்டு தொடரப்பட்ட இவ்வழக்கு கீழ் நீதிமன்றத்தில் தோற்றது. 1973இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்தது. மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் குடும்பச் சூழலுக்கேற்ற நிறைகுறைகளுடன் வருகின்றனர். அவற்றைப் பள்ளி உண்டாக்கவில்லை என்பது அதன் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் வாதந்தான். ஆனால் பள்ளி என்பது எதற்காக என்ற வினாவுக்கு அதில் விடையில்லை.

1974 சனவரி 21 அன்று உச்சநீதிமன்றம் ஒருமனதாக அத்தீர்ப்பை மாற்றியது. ஒரே நூலையும் ஒரே ஆசிரியரையும் தருவதால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. மொழி புரியாத மாணவனுக்குக் கல்வியின் கதவு அடைபட்டே இருக்கிறது என்று நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதினார். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டமே தீர்ப்புக்கு அடிப்படையாயிற்று. எனினும், எம்முறையில் உதவவேண்டும் என நீதிமன்றம் வரையறுக்கவில்லை. அப்பொறுப்பு பள்ளிகளிடமே விடப்பட்டது.

அங்குதான் உண்மையான கடினம் தொடங்கியது. சிறு வகுப்பைவிட உயர்நிலை வகுப்பில் இடர் மிகுதி. விளையாட்டுத் திடலில் சரளமாக ஆங்கிலம் பேசும் மாணவன் அறிவியல் பாடத்தில் தடுமாறுவது ஏன்? அன்றாடப் பேச்சுமொழி வேறு, பாடமொழி வேறு என்று கனடிய அறிஞர் ஜிம் கம்மின்சு 1979இல் பிரித்துக் காட்டினார். முன்னது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் கைவரலாம். பின்னதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. 'பவர்' என்னும் ஒரே ஆங்கிலச் சொல் கணக்கில் அடுக்கு, இயற்பியலில் திறன், வரலாற்றில் அதிகாரம் எனப் பொருள் மாறுவதை எண்ணினால் இவ்வேறுபாடு விளங்கும்.

ஆகவே, இது ஆங்கில ஆசிரியரின் பணி மட்டுமன்று. பாடத்தின் முதன்மைச் சொற்களை முன்னரே விளக்குதல், படமும் செய்முறையும் காட்டுதல், தாய்மொழியில் தம்முள் கலந்துரையாடவிடுதல், விடையைத் தொடங்க ஒரு வாக்கியத்தை எடுத்துக் கொடுத்தல் ஆகியன ஒவ்வொரு பாட ஆசிரியரும் செய்யக்கூடியவை. பாடத்தின் ஆழத்தைக் குறைக்காமல் அதற்குள் செல்லும் வழியை அகலமாக்குவதே இவற்றின் நோக்கம். 1981இல் டெக்சாஸ் மாநில வழக்கொன்றில் மற்றொரு நீதிமன்றம் இன்னும் ஒருபடி சென்றது. திட்டம் தக்க கொள்கையில் அமைந்ததா, முறையாக நடைமுறைப்படுத்தப்பட்டதா, பயன் தந்ததா என்ற மூன்று வினாக்களையும் எழுப்பியது. நல்லெண்ணம் மட்டும் போதாது, பயனும் வேண்டும் என்பதே அதன் சாரம்.

வகுப்பறையில் அமைதியாக இருக்கும் பிள்ளையை அடக்கமானவன் என்று பாராட்டுகிறோம். சிலவேளை மந்தமானவன் என்று ஒதுக்குகிறோம். அந்த மௌனத்திற்குள் மொழி கிடைக்காத அறிவு ஒன்று காத்திருக்கக்கூடும் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? எல்லாருக்கும் ஒன்றையே கொடுப்பது எளிது. பெற்றவரால் அதைப் பயன்படுத்த முடிகிறதா என்று நின்று பார்ப்பதே நீதி.