ஊர்ப் பஞ்சாயத்து: கோவளம் கரை மீனவர்

ஊர்ப் பஞ்சாயத்து என்பது சோழமண்டலக் கரையின் மீனவக் குப்பங்கள் அரசாணையோ அரசு நிதியோ இல்லாமல் தாங்களே நடத்திவரும் ஆட்சிமுறை. செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் வட்டத்திலுள்ள கோவளத்திலும் அதை ஒட்டிய குப்பங்களிலும் இது வழக்கில் உள்ளது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேர்தல் நடத்தி அமைக்கப்படும் கிராம ஊராட்சி வேறு, இது வேறு. தெருவிளக்கும் குடிநீரும் ஊராட்சியின் பொறுப்பு. எந்த வலை கடலில் இறங்கலாம் என்று சொல்வது ஊர்ப் பஞ்சாயத்து. இதைக் கட்டப் பஞ்சாயத்து என்று எழுதுவது தவறு. அது கூலிக்கு மிரட்டுவது. இது வரி கட்டுகிறவர்களின் சபை.

வரலாறும் வகையும்

கோவளத்தின் எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் துறைமுகத்தையும் கோட்டையையும் பற்றியது. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பெயரால் இது சாதத் பந்தர் எனப்பட்டது. ஆங்கிலேய, டச்சுக் கம்பெனிகளின் ஏகபோகத்துக்கு வெளியே வணிகம் செய்ய விரும்பிய ஆஸ்டெண்ட் கம்பெனியார் இங்கே பண்டகசாலை வைத்தனர். அவர்களுக்கு 1722-இல் புனித ரோமப் பேரரசர் ஆறாம் சார்லஸ் பட்டயம் வழங்கினார். ஏகபோகக்காரர்கள் கொடுத்த நெருக்கடியில் 1727-இல் அது நிறுத்திவைக்கப்பட்டது. இங்கிருந்த கோட்டையை 1750-இல் பிரெஞ்சுக்காரர் சூழ்ச்சியால் பிடித்தனர். 1752-இல் ராபர்ட் கிளைவ் அதைக் கைப்பற்றினார். பின்னர் அது தகர்க்கப்பட்டது. அந்த இடத்தில் இன்று தாஜ் குழுமத்தின் கடற்கரை விடுதி நிற்கிறது. இந்த வரலாற்றில் குப்பத்துப் பஞ்சாயத்தைக் காண்பது அரிது.

இக்கரையின் மீனவச் சாதியான பட்டினவரை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட, தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் பெரிய பட்டினவர், சின்னப் பட்டினவர் என இரண்டாகப் பிரிக்கிறார். இரு பிரிவிலும் ஊர்த்தலைமை உண்டு. தலைமை வகை கரைக்குக் கரை வேறுபடும். நாகப்பட்டினம் பக்கம் நாட்டார், பஞ்சாயத்தார் என்பார்கள். செட்டியார் என்ற பரம்பரைத் தலைமையும் அங்கு இருந்தது. அங்கே ஊர்கள் கூடிப் பெரிய வட்டங்களாக இயங்கும். 64 கிராமங்களுக்குத் தரங்கம்பாடி தலைமைக் கிராமம். வடக்கே பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் தலைக்கட்டு உரிமை உள்ளவர்கள் வலையிடும் இடத்தைச் சீட்டுக் குலுக்கிப் பெறுவர்.

செயல்முறை

சபையின் அடிப்படை அலகு தலைக்கட்டு. மணமாகித் தனிக்குடித்தனம் போன ஆண் ஒரு தலைக்கட்டு. வரி கொடுப்பதும் சபையில் பேசுவதும் அவர் கடமையும் உரிமையும். திருவிழா, கோயில், வழக்குச் செலவு எல்லாம் இந்த வரியில்தான் நடக்கும். கூட்டம் கோயில் வாசலில் கூடும். வலை அறுந்த தகராறு, கடன், குடும்பச் சண்டை, எல்லாம் வரும். தவறு செய்தவர் அபராதம் கட்டி, சபையை வணங்கி மன்னிப்புக் கேட்டால் விவகாரம் முடிந்தது. ஊரில் சாவு விழுந்தால் அன்று யாரும் தொழிலுக்குப் போவதில்லை. இதற்கெல்லாம் காவல் நிலையம் தேவைப்பட்டதில்லை.

புது வலை வந்தால் சபை மூன்று விதமாகப் பார்க்கும் என்று இக்கரையை நெடுங்காலம் ஆராய்ந்த ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்டன் பாவிங்க் பதிந்துள்ளார்: மீன்வளத்துக்குக் கேடா, மற்றவர் தொழிலுக்குக் கேடா, ஊருக்குக் கேடா. கேடென்று முடிவானால் தடை. மீறினால் வலை பறிமுதல். பொதுச்சொத்து யாருக்கும் சொந்தமில்லாததால் அழியும் என்று புத்தகத்தில் படித்தவர்கள் இந்தக் கரையில் ஒரு வாரம் தங்கிப் பார்க்கலாம்.

ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கி எதிர்த்தது பெர்மிட், லைசென்ஸ் ராஜ்யத்தை. குப்பத்திலும் அனுமதி வேண்டும்தான். ஆனால் அனுமதி கொடுப்பவரும் மறுநாள் விடியலில் அதே அலையில் படகைத் தள்ளுகிறவர். சபைக்குக் குறைகளும் உண்டு. பெண்களுக்கு அதில் இடமில்லை. மீன் விற்று வீட்டை நடத்துவது அவர்களே என்பதால் வெளியிலிருந்து செல்வாக்குச் செலுத்துகிறார்கள். ஊர்விலக்கு கடைசி ஆயுதம்; நீதிமன்றங்கள் அதை ஏற்பதில்லை.

அரசும் பஞ்சாயத்தும்

விசைப்படகுகள் பெருகியதும் 1970-களில் கரையோரம் மோதல் வெடித்தது. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்றது. எல்லை மீறிய படகைக் குப்பத்தார் பிடித்துக் கரையில் நிறுத்துவார்கள். மீன்வளத்துறை அதிகாரி வருவார். அறுந்த வலைக்கு இழப்பீடு பேசி முடிப்பார்கள். சட்டம் அரசுடையது, அதைச் செயல்படுத்தியவர்கள் குப்பத்தார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நிவாரணமும் பெருமளவு பஞ்சாயத்துகள் வழியே பங்கிடப்பட்டது. விதவைகளும் மீனவரல்லாத தலித் குடும்பங்களும் விடுபட்டதாகப் புகார்கள் எழுந்தன.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுத் தடையும், சுருக்குமடி வலை மீது 2023-இல் உச்ச நீதிமன்றம் விதித்த நிபந்தனைகளும், 2021-இல் கோவளம் கடற்கரை பெற்ற நீலக்கொடிச் சான்றும், அலைச்சறுக்குப் பள்ளிகளும் சபையின் முன் இப்போதுள்ள விவகாரங்கள்.